நினைவையே சாட்சியாக்கிய ‘பாபநாசம்’

2015 ஜூலையில் வெளிவந்த ‘பாபநாசம்’ படத்தின் முதல் பாதி மெதுவாகப் போகிறது என்று எங்கள் அம்பாசமுத்திரம் பக்கத்தில் இன்றும் சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கத்தின் (கமல்ஹாசன்) சிக்கனம், அலுவலகத்திலேயே இரவெல்லாம் அமர்ந்து அவர் படம் பார்ப்பது, கான்ஸ்டபிள் பெருமாளுடனான பகை, டீக்கடைப் பேச்சு ஆகிய எல்லாமே விசாரணை தொடங்கியபின் சாட்சியமாகவோ சந்தேகமாகவோ திரும்பி வருகின்றன.

சுயம்புலிங்கத்தின் மூத்த மகள் கையால் இறந்துபோகிறான் காவல்துறை ஐ.ஜி.யின் மகன். அவன் காணாமல் போன நாளில் இந்தக் குடும்பம் எங்கே இருந்தது என்ற ஒரே கேள்வியின் மீதுதான் பிற்பாதி முழுவதும் நிற்கிறது. சுயம்புலிங்கம் யாருக்கும் பணம் கொடுத்துப் பொய்ச் சாட்சி தயார் செய்வதில்லை. மனைவி மக்களோடு உண்மையாகவே தென்காசிக்குப் போகிறார், தங்குகிறார், ஓட்டலில் சாப்பிடுகிறார், தியேட்டரில் படம் பார்க்கிறார்; பின்னர் அதே ஆட்களை மறுபடியும் சந்தித்து, பேச்சோடு பேச்சாக, அந்தப் பயணத்தின் தேதியை மட்டும் அவர்கள் மனத்தில் நகர்த்தி வைத்துவிடுகிறார். ஆகவே அவர்கள் காவலர்களிடம் சொல்வது மனமார நம்பிச் சொல்லும் வாக்குமூலம். பொய்யனை மிரட்டி உண்மையை வாங்கிவிடலாம். நம்பிச் சொல்பவனிடமிருந்து எதை வாங்க முடியும்?

நம் ஊர்ப்பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். கடையம் வழியாகத் தென்காசி போகும் பேருந்தில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும்; “அண்ணாச்சி, எங்க போய்ட்டு வாரிய?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் வீடு போய்ச் சேர முடியாது. ஆனால் அப்படிக் கேட்டது செவ்வாயா வியாழனா என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. 2013இல் மலையாளத்தில் ‘திருஷ்யம்’ எடுத்த ஜீத்து ஜோசப்பே தமிழிலும் இயக்கினார் என்றாலும், ஜெயமோகனின் வசனத்தில் நெல்லைப் பேச்சு கலந்ததால் கதை தாமிரபரணிக் கரையிலேயே பிறந்தது போலத் தோன்றுகிறது.

கமல்ஹாசன் போன்ற ஒரு நடிகர் படத்தில் யாரையும் அடித்து வீழ்த்துவதில்லை. குடும்பத்தின் கண்முன்னே அடி வாங்குகிறார். அந்த விசாரணைக் காட்சி தரும் பதற்றத்தை எந்தச் சண்டைக் காட்சியும் எனக்குத் தந்ததில்லை. அடிக்கு நடுவே சின்ன மகள் வாய் திறந்துவிடுவாளோ என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆஷா சரத்தின் ஐ.ஜி.யையும் வெறும் வில்லியாக ஒதுக்கிவிட முடியவில்லை. அவருடைய கொடுமைக்கு அடியில் பிள்ளையைத் தேடும் தாயின் தவிப்பு இருக்கிறது.

இறுதிச் சந்திப்பில், மலையாளத்தில் இதே வேடமேற்ற மோகன்லால் அடக்கி வைத்ததைக் கமல் அழுது தீர்க்கிறார். அது மிகை என்பவர்கள் உண்டு. மகளைக் காப்பாற்றிய தகப்பன், மகனை இழந்த பெற்றோர் முன்னால் கலங்காமல் நிற்க முடியாது என்றே நான் கருதுகிறேன்.