மெயில் போகலை சார்

"ஹோஸ்டிங் தொழில் ஆரம்பிக்க என்ன சார் வேணும்?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். ஹோஸ்டிங் என்றால் மற்றவர்களின் வெப்சைட்டையும் மெயிலையும் சர்வரில் வைத்து நடத்திக்கொடுப்பது. கேட்பவர்கள் பெரும்பாலும் வெப் டிசைன் செய்துகொண்டிருக்கும் பையன்கள். கேட்கும்போதே கையில் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள்: சர்வர் இடத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் ரீசெல்லர் பிளானுக்கு மாதம் இவ்வளவு, ஐம்பது கஸ்டமர், ஆளுக்கு வருடம் இவ்வளவு, மிச்சமெல்லாம் லாபம். 2012இல் மேற்கு மாம்பலத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். கூட்டல் கழித்தலில் தப்பில்லை.

கடை திறப்பது சுலபம். ஒரு ரீசெல்லர் கணக்கு, பில் போட ஒரு சாஃப்ட்வேர், சொந்தமாக ஒரு டொமைன் (வெப்சைட் பெயர்), ஒரு மொபைல் நம்பர். ஒரு வாரம் போதும். சர்வர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ ஓடிக்கொண்டிருக்கும், அதைக் கண்ணால் பார்க்கவே மாட்டீர்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கிய பழைய யூபிஎஸ் ஒன்றுதான் என்னிடம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரே மூலதனம்.

முதல் கஸ்டமர்கள் ஒரு கல்யாண மண்டபம், திருவல்லிக்கேணியில் ஒரு அச்சகம், ஒரு டியூஷன் சென்டர், பாரிமுனையில் துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட். இவர்களுடைய வெப்சைட் கண்மூடித் திறப்பதற்குள் திறக்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் சர்வரை நோண்டிக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. முதல் ஆறு மாதத்தில் வந்த போன்களில் முக்கால்வாசி ஒரே வாக்கியம்தான்: "மெயில் போகலை சார்."

அந்த கிளியரிங் ஏஜென்ட்டின் ஆபீஸ் ராஜாஜி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. மூன்று மேஜை, ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், சுவரில் ஷிப்பிங் கம்பெனி காலண்டர். ஒருநாள் மதியம் போன் வந்தது.

"தம்பி, சிங்கப்பூருக்கு அனுப்பின மெயில் எல்லாம் திரும்பி வருது. பில் ஆஃப் லேடிங் டிராஃப்ட்டுக்கு சாயங்காலத்துக்குள்ள ஓகே சொல்லணும். கப்பல் நமக்காக நிக்காது."

வெளியே போகக் காத்திருக்கும் மெயில் வரிசையை, அதாவது மெயில் க்யூவைத் திறந்தால் இருபதாயிரத்துக்கு மேல் கடிதங்கள். அவருடையது அதில் பத்துகூட இல்லை. டியூஷன் சென்டர்காரர் தன் மெயிலுக்கு சென்டர் பெயரையும் 123ஐயும் சேர்த்து பாஸ்வேர்டு வைத்திருந்தார். யாரோ அதைக் கண்டுபிடித்து, விடிய விடிய லாட்டரிக் கடிதம் அனுப்பித் தள்ளியிருக்கிறார்கள். பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு சர்வரில் அறுபது பேருக்கும் ஒரே ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அந்த சர்வரின் அடையாள எண். அந்த ஐபி ஸ்பேம் தடைப்பட்டியலில் ஏறிவிட்டால் அறுபது பேர் கடிதமும் திரும்பி வரும். ஒரு வீட்டுக்காரர் பாக்கி வைத்ததற்காக மொத்த அபார்ட்மென்ட்டுக்கும் மெட்ரோ வாட்டரை நிறுத்தின மாதிரி.

பாஸ்வேர்டை மாற்ற ஒரு நிமிடம். க்யூவில் குப்பையோடு கிடக்கும் நல்ல கடிதங்களைப் பொறுக்கி எடுக்க ஒரு மணி நேரம். தடைப்பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், ஆனால் உடனே நடக்கும் என்று சொல்வதற்கில்லை. சரி, வேறு ஐபி வழியாக அனுப்பலாம் என்றால், அந்தப் புது ஐபி யாருடையது என்று காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரை டேட்டா சென்டர்காரர்கள்தான் வைத்துத் தர வேண்டும். எந்த ஐபியிலிருந்து மெயில் வரலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒவ்வொரு டொமைனுக்கும் உண்டு, அதிலும் புது ஐபியைச் சேர்க்க வேண்டும். அறுபதில் பாதி டொமைனுக்கு இந்தப் பதிவுகள் இருக்கும் டிஎன்எஸ் என் கையிலேயே இல்லை. டேட்டா சென்டருக்குக் கோரிக்கை டிக்கெட் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மணி நாலரை. கடைசியில் அவரிடம், "சார், இன்னைக்கு மட்டும் உங்க ஜிமெயில்லேர்ந்து அனுப்பிடுங்க" என்றேன்.

"இதை மத்தியானமே சொல்லியிருக்கலாமே தம்பி."

நியாயம்தான். அன்று ராத்திரி ஒவ்வொரு டொமைனும் மணிக்கு இத்தனை மெயில்தான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்தேன். அந்த வசதி முதல் நாளிலிருந்தே கண்ட்ரோல் பேனலில் இருந்தது.

டொமைன் சங்கதி இதைவிட மோசம். வெப்சைட் செய்துகொடுத்த பழைய டிசைனர் தன் பெயரிலேயே, தன் மெயில் ஐடியிலேயே டொமைனைப் பதிவுசெய்திருப்பார். இப்போது அவர் துபாயில் இருப்பார். இல்லையென்றால், நினைவூட்டல் போகவேண்டிய மெயில் ஐடி அதே டொமைனில் இருக்கும். டொமைன் காலாவதியானதும் மெயில் நின்றுவிடும், "காலாவதியாகிவிட்டது" என்ற கடிதமும் போய்ச்சேராது. ஒரு டாட் காம் கைவிட்டுப் போவதற்கு முன் மீட்புக் காலம் என்று 30 நாள் உண்டு. ஆனால் அதற்கான கட்டணத்தைச் சொன்னதும் கஸ்டமர் நம்மைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! இப்போதெல்லாம் டொமைன் யார் பெயரில் என்று பார்த்துவிட்டுத்தான் புது ஆளைச் சேர்க்கிறேன்.

பேக்கப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நானும் தினமும் எடுத்தேன். ஏழு நாள் பிரதி. மண்டபத்தின் வேர்ட்பிரஸ் தளத்தில் எவனோ புகுந்து மருந்து விளம்பரம் போட்டபோது பெருமையாகப் பழைய பிரதியை எடுத்து வைத்தேன். மறுநாளே விளம்பரம் திரும்ப வந்தது. அவன் உள்ளே வந்து ஒரு மாதமாகியிருந்தது. ஏழு பிரதியிலும் அவன் குடியிருந்தான்.

அப்புறம் பணம். வசூல் ரூபாயில், வாடகை டாலரில். ஆரம்பித்தபோது டாலர் 55 ரூபாயைச் சுற்றி இருந்தது. 2013 ஆகஸ்டில் 68ஐத் தொட்டது, 2022இல் 80ஐத் தாண்டியது. 1,200 ரூபாய் கட்டுகிறவரிடம் போய் இதையெல்லாம் விளக்க முடியுமா? சர்வரை நிர்வகிக்கும் சாஃப்ட்வேரான சிபேனல் 2019இல் தன் கட்டண முறையை மாற்றி, சர்வருக்கு இவ்வளவு என்றிருந்ததைக் கணக்கு எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று ஆக்கியது. ஒரு சர்வரில் நிறையச் சின்ன கஸ்டமர்களை அடுக்கி வைத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஆண்டு சரியான அடி. வெளிநாட்டு சர்வர் வாடகைக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாமே 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும் என்பதை என் ஆடிட்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதி வந்ததும், கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த சர்வர் வாடகை ஒரு மாதம் போகவில்லை. சர்வர் நிற்க நாலு மணி நேரம் இருக்கும்போது பார்த்தேன்.

2022இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவு வந்தது. ஹேக்கிங் மாதிரி சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், சர்வரில் நடந்ததைக் குறித்துவைக்கும் லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், விபிஎஸ் (ஒரே சர்வரைத் தனித்தனி சர்வர் போலப் பிரித்துத் தருவது) வாடகைக்கு விடுபவர்கள் கஸ்டமர் விவரங்களை 5 ஆண்டு காக்க வேண்டும். மொட்டைமாடி அறைக்கும் அதே சட்டம்தான்.

99.9 சதவீத அப்டைம், அதாவது சர்வர் நிற்காமல் ஓடும் நேரம் என்று எல்லோரையும் போல நானும் போட்டிருக்கிறேன். கணக்குப்படி மாதத்துக்கு 43 நிமிடம் நிற்கலாம். அந்த 43 நிமிடத்தில்தான் எல்லோரும் மெயில் பார்ப்பார்கள்.

சிங்கப்பூர் மெயிலுக்காகத் தவித்த அந்த கிளியரிங் ஏஜென்ட் இப்போது ஆபீஸுக்கு வருவதில்லை. மகன் பார்த்துக்கொள்கிறார். போன வருடம் மெயிலை எல்லாம் கூகுளுக்கு மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். நல்ல முடிவு என்று, மெயில் எங்கே போய்ச்சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளை நானே மாற்றிக் கொடுத்தேன், அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. மார்ச்சில் ரினியூவல் பில் அனுப்பினதும் போன் வந்தது.

"சார், மெயில்தான் மாத்திட்டோமே, இன்னும் நம்மளோடது என்ன இருக்கு உங்ககிட்ட?"

"வெப்சைட் இருக்கு சார்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நமக்கு வெப்சைட் இருக்கா?"