செட் ஆக எவ்வளவு நேரம்?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய நகரத்தார் வீடுகள் சில இப்போது தங்கும் விடுதிகளாக நடக்கின்றன. அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வரவேற்பில் நிற்கும் தம்பிகள், அறை ஒழுங்குபடுத்தும் அக்காமார்கள், பந்தி பரிமாறுகிறவர்கள், விருந்தினரை ஊர் சுற்றிக் காட்டும் கைடுகள், இவர்கள்தான் என் மாணவர்கள். 'ஹெரிடேஜ்', 'ஆர்க்கிடெக்சர்' எல்லாம் இவர்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. திணறுவதெல்லாம் சின்னச் சொற்களில்தான். அதிலும் 'செட்' என்ற வினை வந்துவிட்டால் வகுப்பே கொஞ்சம் தடுமாறும்.

ஒரு நாள் கைடு தம்பி ஒருவரோடும் பிரெஞ்சு விருந்தினரான ஒரு அம்மாவோடும் ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூ வேலைக் கல் போடும் பட்டறைக்குப் போயிருந்தேன். சட்டத்துக்குள் கண்ணாடி, அதன்மேல் பூ வடிவ அச்சு. சிமெண்டில் சாயம் கலந்த கூழைச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார் வேலைக்காரர். அச்சைக் கை நடுங்காமல் மேலே தூக்குகிறார். நிறங்கள் ஒன்றோடொன்று ஓடாமல் அப்படியே நிற்கின்றன. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்குமேல் ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் மட்டப்படுத்துகிறார். அந்த அம்மா கண் எடுக்காமல் பார்த்துவிட்டு, "ஹவ் லாங் டஸ் இட் டேக் டு செட்?" என்று கேட்டார்.

தம்பி சட்டென்று, "டூ மினிட்ஸ், மேடம்" என்றார். செட் என்றால் வைப்பது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். கல்லை அச்சில் போட்டு வைக்க எவ்வளவு நேரம் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டார். அம்மாவுக்கு நம்ப முடியவில்லை. ஆங்கிலமே படிக்காத அந்த வேலைக்காரர் தலையைத் தூக்கி, "செட் ஆகவா கேக்குறாங்க? ஒரு நா அப்படியே கெடக்கணும் தம்பி. அப்புறம் தொட்டித் தண்ணியில ஊறணும்னு சொல்லுங்க" என்றார்.

கொத்தனாரும் கல் போடுகிறவரும் நாள் முழுக்கச் சொல்லும் சொல் அது. 'கலவை செட் ஆகட்டும்', 'தளம் இன்னும் செட் ஆகல.' விருந்தினர் கேட்ட அதே பொருளில், அதே இலக்கணத்தில் அது பட்டறையில் புழங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு 'செட்' பாடத்தை நான் புத்தகத்திலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டேன். அவரவர் வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தச் சொல்லின் பரப்பு சாதாரணமானது இல்லை. 1755-ல் தன் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், பொருள் நெகிழ்ந்து கிடப்பதால் தன்னைப் படாதபாடு படுத்திய வினைகள் என்று முன்னுரையில் ஒரு வரிசையே தருகிறார். அதில் 'செட்'டும் உண்டு. 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் எல்லாவற்றிலும் நீளமான பதிவு இதற்குத்தான். வினையாக மட்டும் 430 பொருள். பின்னர் நடந்த திருத்தத்தில் 'ரன்' 645 பொருளோடு முந்திக்கொண்டது. அந்த 430-ஐயும் மனப்பாடம் செய்யச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஏறாது. வேரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

வேர் 'சிட்', அதாவது உட்காருவது. பழைய ஆங்கிலத்தில் அது 'சிட்டன்'. உட்கார வைப்பது 'செட்டன்'. நம் இலக்கணத்தில் சொன்னால் தன்வினையும் பிறவினையும். 'ஃபால்' என்றால் வீழ்வது, மரத்தை வீழ்த்துவது 'ஃபெல்', அதே வார்ப்புதான். தமிழில் அமர், அமர்த்து என்று சொல்லிக்காட்டினால் வகுப்பில் எல்லோர் முகமும் தெளிந்துவிடும். ஆளை வேலைக்கு அமர்த்துகிறோம் என்று நாமும் சொல்கிறோமே, ஆளை உட்கார வைத்தா வேலை வாங்குகிறோம்? உட்காருதல் என்ற ஒரே செயலிலிருந்து இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே திசையில் நடந்திருக்கின்றன. எனக்கு இது அலுக்கவே அலுக்காத ஆச்சரியம். சமஸ்கிருதத்தின் 'ஸத்' இதற்குத் தூரத்துச் சொந்தம். அறிஞர்கள் கூடி உட்காரும் 'சதஸ்' அதிலிருந்து வந்தது. பறவைக் கூட்டைக் குறிக்கும் ஆங்கில 'நெஸ்ட்'டும் அதே வேர்தான், பறவை இறங்கி உட்காரும் இடம்.

சரி, வேலைக்கு வருவோம். தோட்டில் வைரம் பதிப்பது செட். அது தன் குழியில் உட்காருகிறது. விலகிய எலும்பைச் சேர்த்துக் கட்டுவது செட். தயிர் உறைவதும் கலவை இறுகுவதும் செட். ஆடிக்கொண்டிருந்தது அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. சூரியன் மறைவதும் அப்படித்தான். பொழுது இறங்கி உட்காருகிறது. கடிகாரத்தில் அலாரம் வைப்பது, விலை நிர்ணயிப்பது, தேதி குறிப்பது, எல்லாவற்றிலும் ஒன்றை அதற்குரிய இடத்தில் உட்கார வைக்கிற வேலை இருக்கிறது. இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் புதிதாக வரும் வாக்கியத்தையும் ஊகிக்க முடிகிறது.

பந்திக் கூடத்தில் 'செட் தி டேபிள்' சொல்லிக்கொடுத்தபோது பரிமாறும் அக்கா ஒருவர், "இலை போட்டாச்சான்னு கேக்குறதுதானே டீச்சர்?" என்றார். அதேதான். மேசை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது, அதை யாரும் எங்கேயும் வைக்கப்போவதில்லை. நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் வர இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் அதனதன் இடத்தில் வைத்துச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் செய்வதுதான் பொருள். அவர் சொன்ன தமிழைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் கிடைக்காது.

குழப்பம் வருவது இன்னொரு 'செட்'டால். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் எனாமல் டிபன் கேரியர் செட், பித்தளைச் சாமான் செட் என்று விற்கிறார்கள். அந்த செட், அதாவது தொகுதி, வேறு வழியில் வந்தது. லத்தீனில் பின்தொடர்வோர் கூட்டத்தைக் குறித்த 'செக்டா', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. ஒலி ஒன்றாகிப் போனதால் இரண்டும் ஒரே குடும்பம் போலப் பழகிவிட்டன. அப்புறம் நம் ஊர் 'எனக்கு செட் ஆகல' இருக்கிறது. ஒரு தம்பி, அறை பிடிக்காத விருந்தினரிடம், "ரூம் நாட் செட் ஃபார் யூ, சார்?" என்று அக்கறையாகக் கேட்டார். அவருக்கோ அறை இன்னும் தயாராகவில்லை என்று பட்டிருக்கிறது. இதை மட்டும் வகுப்பில் கண்டிப்பாகத் திருத்துகிறேன். தமிழில் அது உயிருள்ள நல்ல வழக்கு. ஆங்கிலத்துக்குள் அப்படியே கொண்டுபோனால் விருந்தினருக்குப் புரியாது.

காலத்தில் உரு மாறாதது இவர்களுக்குப் பெரிய நிம்மதி. நேற்றும் செட், இன்றும் செட், முடிந்ததும் செட். கஷ்டம் ஒட்டுச்சொற்களில் இருக்கிறது. 'செட் அசைட்' எடுத்து ஒதுக்கி வைப்பது, 'செட் அப்' நிறுவுவது, 'செட் ஆஃப்' கிளம்புவது. கிளம்புகிறவன் எங்கே உட்காருகிறான் என்று வரவேற்புத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. தன்னைத் தானே பாதையில் வைத்துக்கொள்கிறான் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை, திருச்சி விமானத்துக்குப் போக வேண்டிய விருந்தினருக்கு அன்றைக்கே தொலைபேசியில், "யூ மஸ்ட் செட் ஆஃப் பை ஃபைவ், சார்" என்று சொல்லிவிட்டு டிரைவர் அண்ணனுக்கும் தகவல் கொடுத்தார்.