ஓனரிடமே பேசி வீடு எடுத்தோம்

சென்னையில் புரோக்கர் மூலம் வீடு எடுத்தால் ஒரு மாத வாடகை கமிஷன். அதை மிச்சம் பிடிக்கத்தான் நேரடியாக ஓனர்களைத் தேடி இறங்கினோம். கமிஷன் மிச்சமானது உண்மை. அதைவிடப் பெரிய லாபம் வேறு ஒன்று: அட்வான்ஸ், பெயிண்ட் செலவு, கரண்ட் பில் என்று காலி செய்யும் நேரத்தில் சண்டையாகிற விஷயங்களை எல்லாம் குடிபோகும் முன்பே ஓனரோடு உட்கார்ந்து பேசி எழுத்தில் வாங்க முடிந்தது.

மகளின் பள்ளி நங்கநல்லூரில், கணவரின் வேலை கிண்டியில். அதனால் ஆதம்பாக்கம், புழுதிவாக்கம், மடிப்பாக்கம் பக்கம் தேடினோம். முதலில் ஆப்களில் பார்த்தோம். ‘ஓனர்’ என்று போட்ட எண்களில் பல புரோக்கர்களுடையவை. கண்டுபிடிப்பது எளிது. “அந்த வீடு போயிடுச்சு மேடம், வேற ரெண்டு இருக்கு, வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமா?” என்றால் புரோக்கர். உண்மையான ஓனர் நம்மைத்தான் முதலில் கேள்வி கேட்பார்: எத்தனை பேர், எங்கே வேலை, சொந்த ஊர் எது.

ஆப்பைவிட உதவியது தெருவில் நடந்ததுதான். அது ஆடி மாதம். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள் என்பதால் டு-லெட் போர்டுகள் அப்படியே தொங்கும், ஓனர்களும் நிதானமாகப் பேசுவார்கள். வீடு பார்க்கவும் பேரம் பேசவும் ஆடி, பால் காய்ச்ச ஆவணி என்று வைத்துக்கொண்டால் வசதி. மளிகைக் கடை அண்ணாச்சி, தெருமுனை அயர்ன் வண்டிக்காரர் இருவரிடமும் கட்டாயம் கேளுங்கள். எந்த வீடு காலி, போனவர் ஏன் போனார் என்று அவர்களுக்குத் தெரியும். கீழ்வீடு ஒன்று எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அயர்ன்காரர்தான், “மாடி கெடைச்சா எடுங்கம்மா, கீழே வேணாம். மிக்ஜாம் புயல்ல முட்டி வரைக்கும் தண்ணி” என்றார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் நின்ற பகுதிகளில் வீடு பார்ப்பவர்கள் இந்தக் கேள்வியை ஓனரிடம் மட்டும் கேட்டு விட்டுவிடக்கூடாது.

நேரடியாகப் போவதில் ஒரு கஷ்டம் உண்டு. “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி நேராக முகத்தில் வந்து விழும். சிலர் சுற்றி வளைத்து, “அசைவம் சமைப்பீங்களா?” என்பார்கள். மகள் பக்கத்தில் நிற்கும்போதே ஒருவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைப்போம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டோம். என் அலுவலகத்தில் ஒரு முஸ்லிம் நண்பர் இருக்கிறார், பெயரைச் சொன்னதுமே போன் வைக்கப்படுவது அவருக்கு வாடிக்கை. இந்த வடிகட்டலைப் புரோக்கர் சத்தமில்லாமல் செய்துவிடுவார். வீடு ஏன் கிடைக்கவில்லை என்றே நமக்குத் தெரியாது. தெரிந்து வலிப்பதே மேல் என்பது என் எண்ணம். அப்படிக் கேட்பவர் வீட்டில் என் பிள்ளை வளர வேண்டியதில்லை.

ஒரு வழியாக, ஓய்வுபெற்ற தம்பதி கீழே குடியிருக்கும் ஒரு மாடி வீடு அமைந்தது. வாடகை 17,000. ஹாலில் உட்காருவதற்கு முன்பே மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் பெட்டியைப் பார்த்தேன். எங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர், மேலே பெயிண்டில் ‘மாடி’ என்று எழுதியிருந்தது. இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. வீட்டு இணைப்பு ஒன்றுக்கு இரண்டு மாதக் கணக்கில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே வசூலிக்கும் வீட்டில் அந்தச் சலுகை நமக்கு வந்து சேராது. பல குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் மொத்த யூனிட் ஏறி, விகிதமும் உயர்ந்துவிடும். அப்புறம் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தேன். போர் தண்ணீர், குழாய் வாயில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. குடிக்க, சமைக்க மெட்ரோ வாட்டர் சம்ப்பில் இருந்து தனிக் குழாயில் வருகிறது என்றார்கள். கோடையில் லாரி வாங்கினால் இரு வீட்டுக்கும் பாதிப் பாதி என்று அப்போதே பேசிக்கொண்டோம்.

ஓனர் உண்மையில் ஓனர்தானா என்று பார்க்கும் வேலையும் நம் தலையில்தான். குடியிருப்பவரே ஓனர் போல நடித்து, லீஸுக்கு விடுவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு போன மோசடிகள் இங்கே நடந்திருக்கின்றன. “சார், தப்பா நினைக்காதீங்க, சொத்து வரி ரசீதும் ஈபி கார்டும் பாக்கலாமா?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஃபைலையே எடுத்து வந்து வைத்து, “கேக்குறது நல்லதுதாம்மா. நானும் உங்க ஆபீஸ் ஐடி கார்டைக் கேப்பேன்” என்றார். இரண்டிலும் அவர் பெயர்தான். பான் எண் தருவாரா என்பதையும் அப்போதே கேட்டுக்கொண்டோம். வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால், எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) வரி விலக்குக்கு ஓனரின் பான் எண்ணை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் கைமாறிய பிறகு இதைக் கேட்டுச் சண்டையானவர்களை எனக்குத் தெரியும்.

அட்வான்ஸ் பத்து மாதம் என்று ஆரம்பித்தார். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. எடுத்ததும் சட்டம் பேசினால் எதிரே இருப்பவர் முறுக்கிக்கொள்வார். பழைய வீட்டு அட்வான்ஸ் காலி செய்த பிறகுதான் வரும், இடையில் இரண்டு அட்வான்ஸுக்குப் பணம் புரட்ட வேண்டும் என்று எங்கள் நிலைமையைச் சொன்னோம். ஐந்து மாதத்தில் முடிந்தது. 85,000 ரூபாயையும் வங்கி வழியாகவே அனுப்பினோம்.

அடுத்து ஒப்பந்தம். ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்த வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தத்தை இரண்டு தரப்பும் ஒரு மேஜையில் வைத்து வரி வரியாகப் படித்தோம். பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்று அச்சடித்திருந்தது. இரண்டு வருடத்துக்குள் காலி செய்தால் அரை மாதம், அதற்கு மேல் இருந்தால் பிடித்தம் இல்லை என்று மாற்றினோம். புதுப்பிக்கும்போது வாடகை 5 சதவீதம் உயரும், அட்வான்ஸ் உயராது என்று சேர்த்தோம். நெடுநேரம் இழுத்தது அட்வான்ஸைத் திருப்பித் தரும் தேதிதான். “அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் கொடுத்துடறேம்மா” என்றார். ஊர் முழுக்க நடக்கும் வழக்கம் இது. ஆள் வராவிட்டால் நம் பணம் அங்கேயே கிடக்கும். சாவி கொடுக்கும் நாளில் பாதி, மீதி ஒரு மாதத்துக்குள் என்று முடித்தோம். அந்த ஒரு மாதம் சட்டத்திலேயே இருக்கிற கெடு.

பதினோரு மாதம் என்றாலும் இந்தச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், தமிழக அரசின் இணையதளத்திலேயே செய்யலாம் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. “பதிவு பண்ணினா வீடு கையை விட்டுப் போயிடுமோ?” 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்ட காலத்தில், வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைந்த ஓனர்களைப் பார்த்தவர். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அவர் மகனோடு போனில் பேசவைத்து, பழைய சட்டம் இப்போது இல்லை, 2019 பிப்ரவரியிலிருந்து இந்த 2017 சட்டம்தான் அமலில் இருக்கிறது என்று விளக்கிய பிறகு சம்மதித்தார். பதிவு எண் வந்ததும் அவரே ஒரு நகலை ஃபைலில் வைத்துக்கொண்டார்.

சாவி வாங்கிய அன்றே அறை அறையாக வீடியோ எடுத்தேன். ஃபேன், டியூப்லைட், கீசர், குளியலறையில் விரிசல் விட்டிருந்த ஒரு டைல்ஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்தத்தோடு இணைத்தோம்.

பதினோரு மாதம் முடிந்து இப்போது புது ஒப்பந்தமும் போட்டாகிவிட்டது. வாடகை எழுதியபடி 17,850. “அட்வான்ஸைக் கொஞ்சம் ஏத்தலாமா?” என்று சார் கேட்டார். பழைய ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். படித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டார்.