முறிந்த சைலன்சர் ஸ்டட்: ஈசி-அவுட்டை எடுப்பதற்கு முன்

பழைய மாருதி 800 மாதிரி கார்களில், காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, இன்ஜின் சூடானதும் அடங்கிவிட்டால், பலரும் டேப்பட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் பண்ணக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையை வாங்கி சைலன்சர் பைப்புக்கு விடும் வார்ப்பு) இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ்கெட் ஓரம் கரி படிந்திருந்தால் புகை அங்கேதான் கசிகிறது. பக்கத்திலேயே ஒரு ஸ்டட் (மேனிஃபோல்டைப் பிடிக்க ஹெட்டில் திருகியிருக்கும் தலையில்லாத போல்ட்) நட்டோடு முறிந்து போயிருக்கும்.

பெரும்பாலும் ஓரத்து ஸ்டட்தான் முதலில் போகும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு ஹெட்டைவிட அதிகம் சூடாகும். சூட்டில் நீண்டு, ஆறும்போது சுருங்கும். நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக இந்த அசைவு கூடும். இதோடு இன்ஜின் மவுண்டிங் தளர்ந்திருந்தாலோ, சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்திருந்தாலோ, பைப்பின் ஆட்டம் முழுவதும் ஸ்டட்டின் மேல்தான் விழும். அதைக் கவனிக்காமல் ஸ்டட்டை மட்டும் மாற்றினால் புதுசும் முறியும்.

மிச்ச நட்டுகளைக் கழற்றும்போதுதான் இன்னும் இரண்டு முறியும், ஜாக்கிரதை. முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து, காலையில் இன்னொரு தடவை அடியுங்கள். ஆறு முனை சாக்கெட்தான் போட வேண்டும். பன்னிரண்டு முனை நட்டின் மூலையை உருட்டிவிடும். முதலில் ஒரு மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். கால் சுற்று வந்து ‘கிரீச்’ என்றால் திரும்ப உள்ளே விட்டு, ஆயில் அடித்து மறுபடி வெளியே கொண்டுவாருங்கள். அசையாத நட்டைக் கேஸ் டார்ச்சால் சுட வேண்டும். ஆனால் அடித்த ஆயில் தீப்பிடிக்கும் என்பதால் முதலில் துடைத்துவிடுங்கள். பெட்ரோல் லைன் பக்கத்தில் இருந்தால் டார்ச்சே வேண்டாம்.

முறிந்த ஸ்டட் ஒரு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப்பே போதும். ஹெட் மட்டத்துக்கு முறிந்திருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து, ஓட்டை வழியாக மிக் வெல்டிங்கில் ஸ்டட்டோடு பிடிக்க வையுங்கள். ஸ்டட்டை இளக்குவது வெல்டிங்கின் சூடுதான். செந்நிறம் அடங்கி, சூடு இன்னும் இருக்கும்போதே ஸ்பானர் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். நட் பிய்ந்து வந்தால் புது நட் வைத்து மறுபடி. வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றாமல் விட்டால் ஆல்டர்னேட்டர் போகலாம். எம்பிஎஃப்ஐ (எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும்) வண்டியில் ஈசிஎம் என்ற இன்ஜின் கம்ப்யூட்டரும் போகலாம்.

உள்ளே அமுங்கி முறிந்திருந்தால் பெரும்பாலும் ட்ரில்தான் போட வேண்டிவரும். கையால் போட்டால் பிட் இரும்பை விட்டுவிட்டு மெத்தென்ற அலுமினிய ஹெட்டுக்குள் சறுக்கும். அதனால் லேத்தில் ஒரு புஷ் (நடுவில் ஓட்டையுள்ள உருளை) கடைந்துகொள்ளுங்கள்: வெளி அளவு மேனிஃபோல்டு துளைக்குப் பொருந்த வேண்டும், உள்ளே 3 மி.மீ. ஓட்டை. மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டி, புஷ் வழியாகப் போட்டால் ஓட்டை நடுவில் விழும். பிறகு புஷ்ஷை எடுத்துவிட்டு 5, அதன்பின் 6.8 மி.மீ. எம்8 ஸ்டட்டுக்கு, 1.25 பிட்ச் என்றால், 6.8-ல் நிறுத்த வேண்டும்; மிஞ்சும் இழைச் சுருளைக் கூர்முனையால் கிளப்பி, டேப் (இழை வெட்டும் கருவி) ஓட்டிவிடலாம். இடக்கை ட்ரில் பிட் கிடைத்தால் பாதியிலேயே ஸ்டட் தானாகச் சுழன்று வந்துவிடுவதும் உண்டு. இழை கெட்டிருந்தால் ஹெலிகாயில் (புது இழையாக உள்ளே செருகும் கம்பிச் சுருள்) போடலாம். ஆழத்துக்கு பிட்டில் ஒட்டும் நாடா சுற்றி அடையாளம் வையுங்கள். சில ஹெட்டுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் தண்ணீர் ஓடும்.

முறிந்த ஸ்டட்டில் ஓட்டை போட்டு, அதற்குள் இடப்புறமாகத் திருகி வெளியே எடுக்கும் கடின எஃகுக் கருவியான ஈசி-அவுட் மட்டும் வேண்டவே வேண்டாம். துருவோடு இறுகின ஸ்டட் ஒரு மெல்லிய ஈசி-அவுட்டுக்கு அசையாது. அது உள்ளேயே உடைந்தால் சாதாரண பிட்டால் அதைத் தொடக்கூட முடியாது. ஹெட்டை இறக்கி ஸ்பார்க் எரோஷன் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும்) மெஷினுக்குத்தான் போக வேண்டும்.

திரும்ப மாட்டும்போது ஸ்டட், நட், கேஸ்கெட் எல்லாமே புதுசு. செம்பு பூசிய அல்லது பித்தளை நட் நல்லது, அடுத்த முறை கழற்ற வரும். ஸ்பிரிங் வாஷர் வேண்டாம். அந்தச் சூட்டில் விறைப்பு போய்விடும். மேனிஃபோல்டு முகத்தில் நேர்ச்சட்டம் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள், வளைந்திருந்தால் பட்டறையில் கொடுத்து மட்டம் தட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குப் படிப்படியாக, உங்கள் வண்டி மேனுவலில் உள்ள டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) இறுக்குங்கள்.

அறுந்த ரப்பருக்குப் பதில் கட்டுக்கம்பி போடுகிறார்கள். அதிர்வு அப்படியே பாடிக்கு ஏறும், கொஞ்ச நாளில் பிராக்கெட்டும் பிய்யும். புது ரப்பரை மாட்ட சோப்புத் தண்ணீர் போதும்; இன்ஜின் ஆயில் தடவினால் ரப்பர் ஊறிப் பதம் கெடும். பிய்ந்த பிராக்கெட்டை மெல்லிய பைப்பில் நேராக ஒட்டாமல், 3 மி.மீ. பட்டையைப் பைப்புக்கு வளைத்து இடையில் வைத்து வெல்ட் பண்ணினால் பளு பரவும்.

கடைசியில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த ஈரத் துணியால் டெயில் பைப்பை ஓரிரு நொடி அடைக்கட்டும். கசிவு இருந்தால் ஜாயின்ட்டில் ‘உஸ்’ கேட்கும். திறந்த வெளியில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.