குளிர்காலத்தில் பறவை பார்க்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, தோட்ட வேலையும் குறைவு. படம் பார்ப்பது இரவுக்கு இருக்கட்டும்; காலை 7 மணிக்குப் பறவைகளைப் பாருங்கள். கற்றாழை பூத்திருந்தால் தேன்சிட்டு தானாக வரும். தனியாகக் குப்பியில் கரைசல் வைத்து ஊட்டுவதென்றால் 1 பங்கு வெள்ளைச் சீனிக்கு 4 பங்கு தண்ணீர். தேன் கலக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயம் வீண். 2, 3 நாளுக்கு ஒருமுறை வெந்நீரில் குப்பியைக் கழுவாவிட்டால் கரைசல் புளித்துப்போகும்.

என்னைக் கேட்டால், தண்ணீர்த் தட்டுதான் முக்கியம். ஆழம் 5 செ.மீ. தாண்டக்கூடாது, அடி வழுக்கக்கூடாது. நடுவில் ஒரு கல் போடுங்கள். புதரிலிருந்து 2 மீட்டர் தள்ளி வைத்தால் பூனை பதுங்கிப் பாய முடியாது. பப்பாளித் துண்டுக்குக் கொண்டைக்குருவி வரும். குரங்கும் வரும்! மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.