ட்ரை சூட்டில் நானே போட்ட ஓட்டை

ஹூரோன் ஏரியில் முப்பது மீற்றருக்குக் கீழே நடுக்கோடையிலும் தண்ணீர் 4, 5 பாகைதான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள ரொபர்மோரியில் 1884இல் மூழ்கிய அரேபியா என்ற பாய்க்கப்பல் அந்த ஆழத்தில்தான் கிடக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் தண்ணீர் புகாத சுழியோடி உடையான ட்ரை சூட்டும் உள்ளே தடித்த குளிருடுப்பும் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்கள். குளிரைச் சமாளிக்கலாம். சிறுநீரைச் சமாளிப்பதுதான் பாடு.

தண்ணீருக்குள் இறங்கியதும் கைகால்களில் இருக்கும் இரத்தம் நெஞ்சுப்பக்கம் தள்ளப்படுகிறது. குளிரில் தோலடி நாளங்கள் சுருங்க இன்னும் கொஞ்சம் அங்கே சேர்கிறது. இதய அறைகள் விரிந்ததும், உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று உடல் எடுத்துக்கொண்டு சிறுநீரகத்தை முடுக்கிவிடுகிறது. காலையில் குடித்ததோ அரைக் கோப்பைத் தேநீர்தான், ஆனால் தண்ணீரை விட்டு ஏறுமுன்பே அவசரம். இதற்குப் பயந்து முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் சுழியோடிகளை எனக்குத் தெரியும். உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் நைதரசன் குமிழி கட்டும் ஆபத்து கூடும் என்று பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். ஆனாலும் தாகத்தோடு வருகிறார்கள். வேறு சிலர் டயப்பர் கட்டுகிறார்கள். ஒரு தடவைக்கு அது தாங்கும், இரண்டாவது தடவை நாள் முழுக்க ஈரம்.

ஆகவே பி-வால்வு, அதாவது சூட்டைக் கழற்றாமலே சிறுநீரை வெளியே விடும் வால்வு. தொடையில் ஒரு ஓட்டை, அதில் ஒரு வால்வு, அதிலிருந்து உள்ளே ஒரு ரப்பர் குழாய், குழாயின் மறுமுனையில் சிறுநீரைப் பிடித்துக் குழாய்க்குள் விடும், ஆணுறை போன்ற ஒரு கதீற்றர். கடையில் கொடுத்தால் பொருத்தித் தருவார்கள். ஆனால் இதை வீட்டில் செய்வதுதான் சரி என்பது என் கட்சி. காசு மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. ஓட்டை எங்கே வரவேண்டும் என்பது உங்கள் தொடைக்கும் உங்கள் கைக்கும்தான் தெரியும். கடைக்காரர் சூட்டை மேசையில் விரித்து வைத்துத்தான் குறிப்பார். மேசையில் விரித்த சூட்டுக்குள் ஆள் இல்லையே.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிருடுப்பையும் சூட்டையும் முழுதாகப் போட்டு, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு பேஸ்மெண்டில் உலாவினேன். படகு வாங்கில் இருப்பதுபோல் இருந்து பார்த்தேன், முழந்தாளிட்டேன், நீந்துவதுபோல் குப்புறப் படுத்தேன். தொடையின் உட்பக்கம் அதிகமாகப் போனால் நடக்கும்போது வால்வு மற்றக் காலில் உரசும். வெளிப்பக்கம் போனால் பொக்கற் மறிக்கும். மேலே போனால் இருக்கும்போது குழாய் மடிந்து அடைத்துக்கொள்ளும். கீழே போனால் குழாய் நீளும், முழங்கால் மடியும்போது இழுபடும். தடித்த கையுறையோடு கை எட்டவும் வேண்டும். என் கணக்கில் அது தொடையின் நடுவுக்குக் கொஞ்சம் மேலே, முன்பக்கமும் உட்பக்கமும் சேருமிடம், தையலிலிருந்து நன்றாகத் தள்ளி. தையல்காரர் பாவிக்கும் சோக்கட்டியால் அங்கே ஒரு புள்ளி.

இரண்டாயிரம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய சூட் அது. அம்மா படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, தண்ணி உள்ளுக்குப் போகக்கூடாதெண்டு வாங்கின உடுப்புக்கு ஏன் ஓட்டை போடுறாய்?” என்றார். விளக்கினேன். சிரிக்கவில்லை. குளிருடுப்பைத் தன்னிடம் தரச் சொல்லி, குழாய் வெளியே வருவதற்கு அதில் ஒரு பொத்தான் துளையைக் கையாலேயே தைத்துத் தந்தார். இந்த வேலை முழுவதிலும் நேர்த்தியாக அமைந்த பகுதி அதுதான்.

என் சூட் ட்ரைலாமினேற். நைலோனுக்கும் பொலியெஸ்டருக்கும் நடுவே பியூட்டைல் ரப்பர். கால் பகுதிக்குள் ஒரு பலகைத் துண்டைக் கொடுத்து, வால்வின் கழுத்தைவிட ஒரு மில்லிமீற்றர் சிறிய துளைப்பானை வைத்து, சுத்தியலால் ஒரே அடி. கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு பிசிறும், பிசிறினால் கிழியும். உட்பக்கத்தை அல்கஹோலால் துடைத்து, அதே துணியில் ஒரு வட்ட ஒட்டுப் போட்டு, அக்வாஷுவர் பசையை மெல்லிதாகப் பூசி, வால்வை நுழைத்து நட்டை இறுக்க வேண்டும். பலம் காட்டக்கூடாது. கூட இறுக்கினால் வாஷரின் கீழ் துணி சுருங்கி, அந்தச் சுருக்கத்தின் வழியே தண்ணீர் வரும். பிறகு ஒரு முழு நாள் தொடாமல் விட்டேன்.

வால்வு வாங்கும்போது சமநிலை வால்வாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண வால்வில் குழாய்க்குள் இருப்பது கரையில் அடைபட்ட காற்று. 10 மீற்றரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீற்றரில் நான்கு மடங்கு. குழாய்க் காற்று சுருங்கச் சுருங்க அது எதைப் பிடித்து இழுக்கும் என்று ஆண்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சமநிலை வால்வு சூட்டுக்குள் இருக்கும் காற்றைக் குழாய்க்குள் விடும், குழாயில் இருப்பதைச் சூட்டுக்குள் விடாது.

அப்புறம் சோதனை. தண்ணீர் புகாமல் தோலைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் விளிம்புகளைச் சீல் என்பார்கள். மணிக்கட்டு சீல்கள் இரண்டிலும் போத்தல், கழுத்தில் ஒரு பந்து. சூட்டைக் காற்றால் நிரப்பி, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தேன். சைக்கிள் கடைக்காரர் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிற அதே வேலைதான். வால்வைச் சுற்றி ஒரு குமிழியும் இல்லை. கழுத்துச் சீலில் மட்டும் மெல்ல மெல்ல வந்தது, அது பழைய கதை. குழாயின் உள்முனையில் வாய் வைத்து ஊதினால் காற்றுப் போகவேண்டும், உறிஞ்சினால் வெளியிலிருந்து எதுவும் வரக்கூடாது. இதைப் புது வால்வில் மட்டும் செய்யுங்கள்.

கதீற்றர் 25 மில்லிமீற்றரிலிருந்து 41 வரை சில அளவுகளில் வருகிறது. மருந்துக்கடைக்காரி அளவு கேட்டபோது கூச்சம் வரத்தான் செய்யும், ஆனால் கௌரவத்துக்காகப் பெரியதைச் சொல்லாதீர்கள். பெரியது ஒழுகும். ஒழுகினால் குளிருடுப்பு நனையும், அரேபியாவின் ஆழத்தில் நனைந்த உடுப்பு பகிடி அல்ல. பெண்களுக்கு ஷீ-பி என்று தோலில் பசையால் ஒட்டும் ஒரு கிண்ணம் இருக்கிறது, அதையும் இதே மாதிரி வால்வோடு இணைக்கலாம். எதுவானாலும் முதலில் வீட்டுக் குளியலறையில் முழு வேஷத்தில் நின்று ஒருமுறை போய்ப் பாருங்கள். உடுப்போடு போகக்கூடாது என்று மூளைக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறோம், அது லேசில் சம்மதிக்காது.

கழுவுவதை விட்டுவிடாதீர்கள். தாய்லாந்துக் குகையில் 2018இல் சிறுவர்களை மீட்ட அவுஸ்திரேலிய மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ், 2009இலேயே பி-வால்வால் வரும் சிறுநீர்த் தொற்றையும் அழுத்தக் காயத்தையும் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அவரே குகைச் சுழியோடி. ஈரமான குழாய் கிருமிக்கு நல்ல வீடு. நான் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும் கிருமிநாசினி கலந்த தண்ணீரைக் குழாயிலும் வால்விலும் ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீர் விட்டு, குழாயைக் கழற்றித் துணி துவைக்கும் அறையில் தொங்கவிடுகிறேன். விருந்தாளிகள் வருகிற நாளில் அது அங்கே தொங்கக்கூடாது என்பது மனைவியின் கட்டளை.