லினோவில் ஒரு ரோவர் சைக்கிள்

மூன்று ஞாயிற்றுக்கிழமை போயாச்சு. 1885இல் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிளை, அந்தக் கால விளம்பரப் படம் மாதிரியே லினோ தகட்டில் (தரைவிரிப்புக்குப் பயன்படும் லினோலியத்தின் மென்மையான துண்டு) செதுக்கி அச்செடுக்க ஆசை.

முதல் தகடு குப்பைக்குப் போனது. காரணம் போக்ஸ் கம்பி. பழைய விளம்பரங்களில் கம்பிகள் மெல்லிய கறுப்புக் கோடுகள். கறுப்பாக வர வேண்டுமானால் கோட்டை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் தோண்ட வேண்டும். ஏழு கம்பி நன்றாகத்தான் வந்தது. எட்டாவது, நடு அச்சுக்குப் பக்கத்தில், பெயர்ந்து உளியோடு வந்துவிட்டது. அந்தக் கால ஆட்கள் கெட்டியான பாக்ஸ்வுட் கட்டையின் குறுக்குவெட்டில் ஏன் செதுக்கினார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது தகட்டில் கொஞ்சம் ஏமாற்று வேலை. சக்கரத்துக்குள் முழுக்கக் கறுப்பு, கம்பி மட்டும் வெள்ளை. ஒரே இழுப்பில் ஒரு கம்பி. ராத்திரியில் நிற்கிற சைக்கிள் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, பிடித்திருந்தது.

செயினில் மட்டும் அவசரப்படவில்லை. ஸ்டார்லியின் கம்பெனி விற்றதே அதைத்தானே! அதற்கு முன் ஓடிய பெரிய சக்கர வண்டியில் பெடல் முன் சக்கரத்திலேயே இருக்கும்; பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. காலுக்கு எட்டுகிற அளவுதான் சக்கரம். அதை ஓட்டிப் பழகியவரிடம் குட்டிச் சக்கரத்தைக் காட்டினால் சிரிப்பார். ஆனால் பெடல் பக்கம் 20 பல், பின்னால் 12 பல் என்று வைத்துப் பாருங்கள்: 30 அங்குலச் சக்கரம் 50 அங்குலச் சக்கரம் போல ஓடும். கணக்கைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் 100 மைல் பந்தயம் நடத்தினார்கள். ஜார்ஜ் ஸ்மித் 7 மணி 5 நிமிடம் 16 நொடியில் முடித்தார். வேடிக்கை என்னவென்றால், முந்தைய வருடம் போட்டிக் கம்பெனியின் கங்காரு சைக்கிளில் 7 மணி 11 நிமிடத்தில் 100 மைல் ஓட்டியவரும் அதே ஸ்மித்தான். சால்வோ என்ற மூன்று சக்கர வண்டிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. 1881இல் விக்டோரியா ராணி வாங்கினார், பெயர் ‘ராயல் சால்வோ’ ஆகிவிட்டது.

சரி, அச்சு. மையை ரோலரால் தடவி, காகிதத்தை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தேன். ‘ரோவர்’ என்ற ஆங்கில எழுத்துகள் நேராக விழுந்தன. அச்சில் இடம் வலமாகிவிடும் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத் திருப்பிச் செதுக்கியிருந்தேன். படத்தைத் திருப்பத்தான் மறந்துவிட்டேன். வலது பக்கம் இருக்க வேண்டிய செயின் இடது பக்கம் நிற்கிறது.

மூன்றாவது தகட்டுக்கு இன்று படத்தைத் திருப்பி வரைந்து வைத்திருக்கிறேன். உளியைத் தீட்ட வேண்டும்.